போர் விமானியும் ஒரு குவளை நீரும்



மரம் வெட்டிப் பால் எடுத்து, களைப்போடு வீடு திரும்பி அமர்ந்திருக்கிறோம். "அப்பா, ஆசிட் ஊற்றினால் ரப்பர் பால் ஏன் உறைகிறது?" என்று பிள்ளை கேட்கிறான். "போடா, அதையெல்லாம் வாத்தியாரிடம் கேள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அதிகம் படிக்காத நமக்கு அறிவியலில் என்ன வேலை என்னும் தயக்கமே நம்மை அவ்வாறு பேச வைக்கிறது. இத்தயக்கம் வேண்டியதுதானா? ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு இதனை இன்று எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1917-ஆம் ஆண்டு பிறந்தவர் டான் ஹெர்பர்ட். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலமும் பொது அறிவியலும் பயின்று, 1940-இல் பட்டம் பெற்றார். நாட்டமோ நாடகத்தின்மேல் இருந்தது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் அவரை அழைத்துக்கொண்டது. 1942-இல் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து, பி-24 குண்டுவீச்சு விமானத்தின் விமானியாக உயர்ந்தார். ஐரோப்பிய வானில் 56 முறை போருக்குப் பறந்து, வீரப் பதக்கமும் பெற்றார்.

போர் முடிந்தது. அழிவை வானிலிருந்து கண்டு திரும்பிய அந்த வீரர், சிகாகோ நகரில் வானொலிப் பணியில் அமர்ந்தார். பின்னர், 1951 மார்ச் 3-ஆம் நாள், பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சியொன்றைத் தொலைக்காட்சியில் தொடங்கினார். அதில் அவர் பெயர் 'மிஸ்டர் விசர்ட்'; மந்திரவாதி என்பது பொருள். ஆனால் அவர் மந்திரம் எதுவும் காட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணத்தையே காட்டினார்.

அண்டை வீட்டுப் பிள்ளை அவரைத் தேடி வரும். குவளை, முட்டை, மெழுகுவத்தி போன்ற வீட்டுப் பொருள்களே அங்கே கருவிகள். விடையை அவர் உடனே சொல்லிவிட மாட்டார். "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டு, பிள்ளையைக் கொண்டே செய்ய வைப்பார். அந்நிகழ்ச்சி 1965 வரை நடைபெற்றது. அதனைக் கண்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கான அறிவியல் மன்றங்களை அமைத்தனர். 2007-இல், தம் 89-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அவர் வழியில் நாமும் ஒன்று செய்து பார்க்கலாம். குவளை நிறைய நீர் ஊற்றி, தடித்த அட்டையால் மூடி, அட்டையைக் கையால் அழுத்தியபடி தலைகீழாகக் கவிழ்த்துக் கையை எடுங்கள். நீர் கொட்டாது. காரணம் என்ன? நம்மைச் சூழ்ந்துள்ள காற்று, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. குவளை நீரின் பளு அதைவிட மிகக் குறைவு. ஆகவே அட்டையைக் காற்றே கீழிருந்து தாங்கி நிற்கிறது.

இனி, பிள்ளை கேட்ட கேள்விக்கு வருவோம். ரப்பர் பாலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் மிதக்கின்றன. ஒரே வகை மின்னூட்டம் பெற்றிருப்பதால், அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. ஆசிட் அந்த மின்னூட்டத்தைப் போக்கிவிடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது. இதைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் ஆசிட்டை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

விடை தெரியாமல் இருப்பது குற்றமன்று. கேள்வியை அடக்குவதே குற்றம். அடுத்த முறை பிள்ளை கேட்கும்போது, "எனக்கும் தெரியவில்லை, வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுவோம். நம் வீட்டு அடுப்பங்கரையே அவனுக்கு முதல் அறிவியல் கூடம் ஆகட்டும்.