சோலைவரியும் சபையின் கடமையும்
(பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



வரி என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிப்பது மனித இயல்பு. ஆயினும் வீதிக்கு விளக்கும், வாய்க்காலுக்குத் துப்புரவும், சந்தைக்குக் கூரையும் கேட்கும் நாம், அவற்றுக்குரிய பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காதிருத்தல் தகாது. கொழும்பின் கொடையை நம்பியிருக்கும் சபை கொழும்பின் சொற்படியே நடக்கும். தன் வருவாயில் நிற்கும் சபைதான் தன் மக்களுக்குப் பதில் சொல்லும். ஆகவே, சோலைவரி வேண்டாம் என்று கூற நாம் இங்கு வரவில்லை. அது நீதியாக அமைய வேண்டும் என்றே கூற வந்திருக்கின்றோம்.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், கட்டடங்கள் செறிந்த பகுதியெனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்திலுள்ள ஆதனத்துக்கு அதன் ஆண்டுப் பெறுமதியில் ஒரு வீதத்தை வரியாக விதிக்க இடமளிக்கின்றது. ஆண்டுப் பெறுமதி என்பது, அவ்வாதனத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய தொகை. அது வீட்டை அளக்கின்றதே ஒழிய, வீட்டில் வாழ்பவரின் வருமானத்தை அளப்பதில்லை. பிள்ளைகள் அனுப்பிய பணத்திற் கட்டிய கல்வீட்டில் தனியே வாழும் மூதாட்டிக்கும், அதே அளவு வீட்டில் கடை நடத்தும் வணிகருக்கும் அளவுகோல் ஒன்றே. பிரகடன எல்லை விரியும்போது, நேற்றுவரை வெங்காயமும் புகையிலையும் விளைந்த வளவும் இவ்வரிக்குள் வந்துவிடலாம். ஆகவே எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது விவசாயிக்கு உயிர்ப் பிரச்சினை.

அப்படியாயின் மறுமதிப்பீட்டை ஒத்திப்போடுவதே நன்மையல்லவா என்று சிலர் கேட்பர். அமெரிக்காவின் டெலவெயர் மாநிலம் இதற்கு விடை தருகின்றது. அங்கே கவுண்டி எனப்படும் உள்ளூராட்சிகள் மூன்று. நியூ காசில் 1983 ஆம் ஆண்டின் பெறுமதியையும், கென்ற் 1987 ஆம் ஆண்டின் பெறுமதியையும், சசெக்ஸ் 1974 ஆம் ஆண்டின் பெறுமதியையும் வைத்தே பல பதிற்றாண்டுகள் வரி அறவிட்டன. இது மாநில அரசியலமைப்பு வேண்டும் சமத்துவத்துக்கு மாறானது என்று 2020 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் எளிது: நிலவிலை ஏறிய இடத்தவர் தம் பங்கிற் குறைவாகச் செலுத்த, விலை ஏறாத இடத்தவர் அவர்களின் பாரத்தையும் சுமந்தனர். மறுமதிப்பீடு முடிந்து 2025 இல் பற்றுச்சீட்டுகள் வந்தபோது, நியூ காசிலில் வணிகக் கட்டடங்களின் பாரத்தில் ஒரு பகுதி குடியிருப்பு வீடுகளின்மீது சரிந்திருந்தது. மக்கள் கொதித்தனர். அவ்வாண்டு ஓகஸ்டில் மாநிலச் சட்டமன்றம் சிறப்பாகக் கூடி, பாடசாலை வரியில் வீட்டுக்கு ஒரு வீதமும் வணிக ஆதனத்துக்கு வேறொரு வீதமும் விதிக்க வழிசெய்தது. நாற்பதாண்டுத் தாமதத்தின் விலையை ஒரே பற்றுச்சீட்டிற் செலுத்த நேர்ந்தது.

அதே அதிர்ச்சி நமக்கும் நேராதிருக்க, நம் சபைகள் மூன்று காரியங்களை முதன்மையாகக் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, எல்லையை விரிக்குமுன் வரைபடத்தை ஊர்மக்கள்முன் வைத்து அவர்கள் சொல்வதைக் கேட்டல். இரண்டாவது, பெறுமதி உயரும்போது வீதத்தைத் தாழ்த்துதல். ஓர் உதாரணம்: 20,000 ரூபா ஆண்டுப் பெறுமதிக்கு நூற்றுக்கு 8 வீதம் என்றால் வரி 1,600 ரூபா. பெறுமதி 60,000 ஆகி, வீதம் மாறாதிருந்தால் வரி 4,800. வீதம் 3 ஆனால் 1,800. மதிப்பீட்டாளர் பெறுமதியைத்தான் சொல்கிறார். வீதத்தைத் தீர்மானிப்பது சபை. பழியை மதிப்பீட்டாளர்மீது போட்டுத் தப்ப எந்த உறுப்பினருக்கும் இடமில்லை. மூன்றாவது, எந்த வட்டாரத்தில் எவ்வளவு அறவிடப்பட்டது, எவ்வளவு செலவிடப்பட்டது என்று ஆண்டுதோறும் வெளியிடுதல்.

சபையின் வரிப் பிரேரணைக்கு மேலிடத்து அங்கீகாரமும் வேண்டும். உள்ளூராட்சியை மேற்பார்வை செய்வது மாகாணத்தின் பொறுப்பு. வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் அவ்வதிகாரம் மக்கள் தெரிவுசெய்யாத ஆளுநரின் கைக்குப் போனது. பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தபின்னும் தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதியே வாக்களித்தோம். இடைக்காலத்தில் நம் பிரதிநிதிகள் இல்லை. வரி மட்டும் இருந்தது. பிரதிநிதியின்றி வரி கொடுத்தவர் குடிமக்களா, குத்தகைக்காரரா?

இறுதியாக நம் கடமையையும் சொல்வோம். மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். குறித்த நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபியுங்கள். நாள் கடந்தபின் சட்டத்தரணியிடம் அழுது பயனில்லை. எழுதத் தெரியாத அயலவருக்குப் படித்தவர்கள் எழுதிக் கொடுங்கள். நியாயமான வரியை நேரத்துக்குச் செலுத்துவோம். செலுத்திய ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் கேட்போம். வரி கொடுக்கும் கைக்கே கணக்குக் கேட்கும் வாயும் உண்டு.