நோயாளரின் இலக்கு



தலையிற் பட்ட காயம் தோலில் விரைவில் ஆறலாம், மூளையில் அவ்வாறன்று. நினைவையும் பேச்சையும் நடையையும் மீட்கும் பயிற்சிக்கு இலக்கு வகுக்க வேண்டியவர் யார்?

1943ஆம் ஆண்டுப் போரில் மூளையிற் குண்டு பாய்ந்த சசெட்ஸ்கி என்னும் ருசிய வீரர், மீண்டும் எழுத விரும்பினார். எழுத்துகளின் வடிவமோ நினைவுக்கு வரவில்லை. கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக எழுதுமாறு வைத்தியர் ஒருவர் வழி கூறினார். ஏறத்தாழ 25 ஆண்டுகளில் 3,000 பக்கங்களளவு எழுதினார். அவ்வரலாற்றைப் பேராசிரியர் லூரியா நூலாக்கினார். நோக்கம் நோயாளருடையது, வழி வைத்தியருடையது.

நிலாவெளியிற் கரைவலை இழுப்பவர் ஒருவர் இவ்வாறு காயமுற்றால், "பத்தடி நடத்தல்" என ஏட்டிற் குறிப்பது எளிது. அவரோ, "நாளைக்கே வலை இழுக்கப் போகிறேன்" என்பார். தம் குறையைத் தாமே உணராமை இக்காயத்தின் இயல்புகளுள் ஒன்று. ஆதலின் அச்சொல்லை அப்படியே ஏற்றலும் தகாது, தள்ளுதலும் தகாது. மணலில் நிலையாக நிற்றல், கயிற்றைப் பற்றுதல், வலையைச் செப்பனிடுதல் எனப் பகுத்து, ஒவ்வொரு படியையும் அவருடனேயே தெரிவு செய்யலாம். பேச்சிழந்தவர்க்குப் படங்களைக் காட்டிக் கேட்கலாம்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அன்பு மிகுதியால் அவருக்காக நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள். அவருடைய விடை தாமதித்தே வரும், காத்திருங்கள்.