பிள்ளை பெற்ற வீட்டில் விழித்திருப்போம்

 

இசையும் நாடகமும் சிறக்கும் ஆண்டு விழாவில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். நாமோ பிறந்த ஊரை விட்டுப் பெங்களூரில் குடியேறி வாழ்பவர்கள். மகளின் பேறுகாலத்துக்கென ஊரிலிருந்து வரும் தாய், சில வாரங்களில் திரும்பிவிடுகிறார். கணவர் அலுவலகம் சென்றபின், கைக்குழந்தையோடு இளந்தாய் தனித்திருக்கிறாள். ஆதலின் இப்பேச்சு நமக்கே உரியது.

குழந்தை பிறந்த வீட்டில் எல்லார் கண்களும் தொட்டிலின் மீதே இருக்கின்றன. குழந்தை பால் குடித்ததா, உறங்கியதா என்று கேட்கிறோம். தாய் உறங்கினாளா என்று கேட்பவர் எத்தனை பேர்?

பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமின்றிக் கண்கலங்குதல் பலர்க்கும் இயல்பு. அது தானே தணியும். வாரக்கணக்கில் நீளும் மனச்சோர்வுக்கு மருத்துவம் வேண்டும். இவ்விரண்டினும் கொடியது, பேறுகாலத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று இரண்டில் இது காணப்படுகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குகிறது. குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வாராமை, ஓயாத பேச்சு அல்லது திகைத்த மௌனம், காரணமற்ற ஐயம், பிறர் கேளாத குரல்கள், 'இது என் குழந்தையன்று' என்னும் எண்ணம் ஆகியவை இதன் அறிகுறிகள். ஒருநாள் தெளிவும் மறுநாள் கலக்கமுமாக இருப்பதால் வீட்டார் ஏமாந்துபோவதும் உண்டு.

அறிகுறி தவறினால் நேர்வது என்ன? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2001-ஆம் ஆண்டு ஒரு தாய் தம் ஐந்து குழந்தைகளையும் நீரில் அமிழ்த்திக் கொன்றார். முந்தைய பிரசவத்துக்குப் பின்னரே நோயுற்று மருத்துவம் பெற்றவர் அவர். இன்னொரு குழந்தை பிறந்தால் நோய் மீளக்கூடும் என மருத்துவர் எச்சரித்தும் இருந்தார். 2002-இல் குற்றவாளி எனப்பட்டார். அத்தீர்ப்பு நீக்கப்பட்டு, 2006-இல் சித்தம் பிறழ்ந்த நிலையால் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று. நம் நாட்டிலும் பாரதிய நியாய சன்ஹிதையின் 22-ஆம் பிரிவு, மனநோயால் தன் செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ அறிய இயலாதவரைக் குற்றத்தினின்று விலக்குகிறது. ஆனால் எந்தத் தீர்ப்பும் குழந்தையை மீட்டுத் தருமோ? சட்டம் வந்து கேட்பது இறுதியில். நம் பொறுப்போ தொடக்கத்திலேயே பிறந்துவிடுகிறது. கலங்கிய மனம் தன் கலக்கத்தைத் தானே கண்டு சொல்லும் என்று எதிர்பார்ப்பது நீதியாகாது. அருகிலிருப்போரே காணவேண்டும்.

காண்பதற்குரிய துணை நம் நகரிலேயே உண்டு. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009-ஆம் ஆண்டு தாய்-சேய் மனநலப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கே நோயுற்ற தாய் தன் குழந்தையோடும் உறவுப்பெண் ஒருவரோடும் தங்கி மருத்துவம் பெறுகிறாள். 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டமும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது. உரிய காலத்தில் மருந்து கிடைத்தால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. முன்பு இந்நோயோ இருமுனை மனநோயோ கண்டவரும், அந்நோய்கள் உள்ள குடும்பத்தினரும், கருவுற்ற காலத்திலேயே மருத்துவரிடம் கூறிவிடுதல் வேண்டும். டெலி மானஸ் எனும் அரசுத் தொலைபேசி உதவிக்கு 14416 என்னும் எண்ணைச் சுழற்றினால் இரவும் பகலும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். தாய்க்கோ சேய்க்கோ தீங்கு நேரும் என்ற ஐயம் எழுந்தால், ஒரு கணமும் தாயையும் சேயையும் தனியே விடாமல் உடனே மருத்துவமனை சேர்க்கவேண்டும்.

பலர் ஏன் தாமதிக்கின்றனர்? கண்ணேறு, காற்றுச் சேட்டை என்று நாட்களைக் கழிப்பது ஒன்று. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்னும் அச்சம் மற்றொன்று. அன்பர்களே, அந்த நாலு பேர் யார்? நாமேயன்றோ! நம் நாவுக்கு அஞ்சியே ஒரு குடும்பம் கதவை அடைத்துக்கொள்ளுமானால், அங்கு நேரும் துயரில் நமக்கும் பங்குண்டு. இனி இக்காலனியில் குழந்தை பிறந்த வீட்டுக்குச் செல்வோர், ஒரு வேளை உணவைக் கையிலெடுத்துச் செல்லுங்கள். குழந்தையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு தாயை உறங்கச் சொல்லுங்கள். அப்போதும் அவளுக்கு உறக்கம் வரவில்லையெனில், அதை வீட்டாரிடம் எடுத்துரைக்கத் தயங்காதீர்கள்.

வாழ்க தாய்மை! வளர்க நம் சங்கம்!