‘ஃபைன்’ என்னும் சிறு சொல்



ஆங்கிலம் படியாதவர்களின் வாயிலும் சரளமாகப் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘ஃபைன்’ என்பதும் ஒன்று. நூலகப் புத்தகத்தைப் பிந்திக் கொடுத்தால் ‘ஃபைன்’ கட்டவேண்டும். “எப்படிச் சுகம்?” என்று கேட்டாலோ “ஃபைன்” என்கிறோம். தண்டப்பணமும் அதுவே, நலமும் அதுவே. ‘ஃபைன் ஃபோர் பார்க்கிங்’ என்ற அறிவித்தலைக் கண்டவர், வாகனம் நிறுத்த நல்ல இடமென்று எண்ணி நிறுத்திவிட்டுத் தண்டம் கட்டினார் என்பது ஆங்கிலத்தில் வழங்கும் பழைய பகிடி.

ஒன்றோடொன்று ஒட்டாத இப்பொருள்கள் ஒரே சொல்லில் எப்படிச் சேர்ந்தன? இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இலத்தீனில் ‘ஃபீனிஸ்’ என்றால் முடிவு, எல்லை. அது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முடிவுவரை செய்யப்பட்டது குறையற்றது, எனவே நேர்த்தியானது. இவ்வாறு கலப்பற்ற தங்கமும், அரித்தெடுத்த மாவும், மழையில்லாத பொழுதும் ‘ஃபைன்’ ஆயின.

மற்றக் கிளை நீதிமன்றத்தில் வளர்ந்தது. பழைய இங்கிலாந்தில் காணியைக் கைமாற்றுவோர் ஒரு வழக்கைத் தொடுத்து, அதனை இணக்கமாக முடித்துக்கொள்வர். அந்த இறுதி உடன்படிக்கைக்கே ‘ஃபைன்’ என்று பெயர். 1195 முதல் அதனை ஒரே தோலில் மூன்று படிகளாக எழுதி, வெட்டி, இரு தரப்பினருக்கும் ஒவ்வொன்று கொடுத்து, அடித்துண்டை நீதிமன்றம் வைத்துக்கொண்டது. 1833 இல் ஒரு சட்டத்தினால் இம்முறை ஒழிந்தது. பிணக்கை முடிப்பதற்குக் கொடுத்த பணமும் ‘ஃபைன்’ எனப்பட்டு, பின்னர் தண்டப்பணத்தைக் குறித்தது.

இதில் நமக்கு வியப்பு வேண்டியதில்லை. நமது ‘தீர்’ என்ற சொல்லைப் பாருங்கள். அரிசி தீர்கிறது, கடன் தீர்கிறது, வழக்குக்குத் தீர்ப்பு வருகிறது, சுங்கத்திலே தீர்வை அறவிடுகிறார்கள். முடிவிலிருந்து பணத்துக்குச் செல்லும் பாதையைத் தமிழும் அறியும்.

ஆனால் வேரை அறிந்தால் மட்டும் போதாது. தேநீர் வேண்டுமா என்று கேட்கும்போது “ஐ ஆம் ஃபைன்” என்றால் ‘வேண்டாம்’ என்பது பொருள். வாக்குவாதத்தின் நடுவே ஒருவர் வெடுக்கென்று “ஃபைன்!” என்றால், பேச்சு முடிந்தது, கோபம் முடியவில்லை.

இதனை நான் ஒரு வைத்தியசாலையில் படித்தேன். அயலிலுள்ள வயோதிப மாது ஒருவருக்கு மொழிபெயர்க்கச் சென்றிருந்தேன். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. ஆச்சிக்குத் தமிழ் தவிர வேறொன்றும் தெரியாது. “இப்ப எப்படி ஆச்சி?” என்று கேட்டேன். “பரவாயில்லை தம்பி” என்றார். நான் வைத்தியரிடம் “ஃபைன்” என்றேன். அவர் மகிழ்ந்து, துண்டு வெட்டுவதற்குப் பேனாவை எடுத்தார். அப்போதுதான் ஆச்சியின் கை இன்னும் வயிற்றை அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டேன். “நோ நின்றுவிட்டதா?” என்று மீண்டும் கேட்டேன். “நிற்கவில்லை, நேற்றைக்கு இன்று குறைவு. உங்களுக்கேன் கரைச்சல் என்றுதான் சொன்னேன்” என்றார். நான் என் சொல்லைத் திருத்தினேன். வைத்தியரும் பேனாவை வைத்துவிட்டு, அவரை மறுபடியும் பரிசோதித்தார்.

அகராதியின்படி நான் செய்தது பெரும் பிழையல்ல. ‘பரவாயில்லை’ என்பதும் ‘ஃபைன்’ போன்றதே. நலத்தையும் சொல்லும், நோவையும் மறைக்கும். அகராதி ஒரு சொல்லின் பொருள்களை வரிசைப்படுத்தித் தரும். அவற்றுள் எது இந்த வேளைக்குரியது என்பதைச் சொல்பவரின் முகத்திலும் கையிலும்தான் படிக்கவேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு மட்டுமல்ல, “எப்படிச் சுகம்?” என்று கேட்கும் எவருக்கும் இது பொருந்தும். விடை “ஃபைன்” என்று வந்தால், ஒரு கணம் நின்று மறுமுறையும் கேளுங்கள்.