ரஜப் பிறந்ததும் டாக்டரைப் பாருங்கள்!

(மஹல்லா கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இட ஒதுக்கீடு பற்றியோ வக்பு சொத்துக்கள் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பேச வேறு நாள் இருக்கிறது. இன்று உங்களிடம் ஒரு கேள்வி: உங்கள் குடும்பத்திற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறாரா?

"ஒருவரென்ன, பத்துப் பேர் இருக்கிறார்கள்" என்பீர்கள். கவலையே அதுதான். காய்ச்சலுக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர், மச்சான் சொன்னார் என்று பக்கத்து டவுனில் இன்னொருவர். ஒருவர் எழுதிய மாத்திரை மற்றவருக்குத் தெரியாது. பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிறார்கள். உம்மாவின் பீரோவில் நான்கு ஆஸ்பத்திரி ஃபைல்கள் கிடக்கின்றன. ஆனால் உம்மாவுக்கு என்ன நோய் என்று முழுமையாக அறிந்தவர் ஒருவர்கூட இல்லை.

ஒரு ரமலானில் எங்கள் பள்ளிவாசலில் நடந்ததைச் சொல்கிறேன். அஸர் தொழுகையில் பெரியவர் ஒருவர் சரிந்து விழுந்தார். உடலெல்லாம் வியர்வை, கைகளில் நடுக்கம். நோன்புக் களைப்பு என்றுதான் நினைத்தோம். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், பெரியவருக்கு நினைவு இருப்பதைப் பார்த்துவிட்டு, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்தார். சிறிது நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார், அல்ஹம்துலில்லாஹ். விசாரித்தால், வழக்கமாகக் காலையில் சாப்பிடும் கிளிமிபிரைடு மாத்திரையை அதே அளவில் ஸஹரில் போட்டிருக்கிறார். "டாக்டரிடம் கேட்கக்கூடாதா?" என்றோம். "எந்த டாக்டரிடம் கேட்பது? போனால் நோன்பே வைக்காதே என்பார்கள்" என்றார்.

சிந்தித்துப் பாருங்கள். அந்தப் பெரியவர் செய்த தவறா அது? அவருடைய நோன்பையும் நோயையும் சேர்த்து அறிந்த ஒரு டாக்டர் இல்லாமல் போனதுதானே காரணம்!

இதற்கு நேர்மாறாக, முப்பது நாளும் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்களும் நம்மில் உண்டு. சர்க்கரை 300க்கு மேல் ஏறி, பெருநாளன்று ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று இத்துறை வல்லுநர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். நம் கணக்கில் அது ரஜப் மாதம். எந்த மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது, இன்சுலின் எத்தனை யூனிட் என்பதையெல்லாம் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. பின்னவை சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடியவை. நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்க, அதை மறுப்பதற்கு நாம் யார்? விரல் நுனியில் ஊசி குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதை உலமாக்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஆகவே அதற்கும் அஞ்ச வேண்டாம்.

சரி, எப்படிப்பட்ட டாக்டரைத் தேர்ந்தெடுப்பது? முதலில், அவர் டாக்டர்தானா என்று பாருங்கள்! மருந்துச் சீட்டில் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து நடந்தோ ஆட்டோவிலோ போகும் தூரத்தில் இருக்கட்டும். போனவுடன் ஊசி போட்டு குளுக்கோஸ் ஏற்றுகிறவரைக் கைராசிக்காரர் என்று புகழ்கிறோம். முன்பு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்பவரைப் பிடிப்பதில்லை. அப்படிக் கேட்பவரைத்தான் நீங்கள் தேட வேண்டும். தன்னால் முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கத் தயங்காதவராகவும் இருக்க வேண்டும். அவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நோன்பு வைக்க விரும்புகிறேன் என்று சொன்னால் காதுகொடுத்துக் கேட்பவராக இருந்தால் போதும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, லேகியம், வலி மாத்திரை உட்பட! குறிப்பாக வலி மாத்திரையை மறைக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வாப்பா, உம்மா, உடன்பிறந்தோர் யாருக்கு மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பதென்றால் முந்தைய இரவிலிருந்து 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, தேநீரும் உணவுதான். சர்க்கரை நோயாளிகள் மூன்று மாத சராசரி, சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், ஆண்டுக்கொருமுறை கண், பாதம் ஆகிய பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கூச்சத்தால் நீங்கள் தள்ளிப்போடும் பரிசோதனைகள் இருக்கின்றன. 30 வயதைக் கடந்த பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படுகிறது. பெரும்பாலும் பெண் செவிலியர்களே செய்கிறார்கள். ஆண்களே, அழைத்துச் செல்ல உங்களுக்கு நேரமில்லையென்றால், பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து போக விடுங்கள்!

காசு இல்லை என்போருக்கு: ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரைப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அது தர்மம் அல்ல, நம் வரிப்பணம். நம் பகுதி நிலையத்தில் பெண் டாக்டர் இல்லையென்றால் அதைக் கேட்டு மனுக் கொடுப்பது நமது இயக்கத்தின் வேலை. கையெழுத்துப் போட நீங்கள் வர வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். ரஜப் முதல் ஜுமுஆவுக்குப் பிறகு, பள்ளி வளாகத்தில் ஒரு மேசை போடப்படும், இன்ஷா அல்லாஹ். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் பெயரையும் சாப்பிடும் மாத்திரைகளையும் அங்கே எழுதிக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தர இளைஞர்கள் இருப்பார்கள். மாத்திரை அட்டைகளை மறவாமல் எடுத்து வாருங்கள். வஸ்ஸலாம்.