பொறுமை தீரும் இடத்தில் பிறந்த இசை



மக்களின் மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்துப் போற்றியவர் வள்ளுவர். அம்மழலை மாறாத பருவத்திலேயே குழந்தையிடம் ஓர் இசைக்கருவியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் ஆசை பெற்றோர் பலருக்கும் உண்டு. ஆசையோடு தொடங்கிய பாடம் ஓரிரண்டு ஆண்டுகளில் நின்றுபோவதும் உண்டு. குழந்தைக்கு இசை ஞானம் இல்லை என்பர் பெற்றோர். உழைப்பு இல்லை என்பர் ஆசிரியர். குழந்தையைக் கேட்போர் அரியர். மேலைநாட்டு இசை வரலாற்றில், பியானோ பயிலும் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பாடத்தை மாற்றிய பேராசான்கள் சிலர் இருந்தனர். அவர்கள் கண்ட வழியே இவ்வுரையின் பொருள்.

பியானோ தொடக்கத்தில் எளிதாகத் தோன்றும் கருவி. வயலினில் ஒரு சுரத்தைச் சுருதி பிசகாமல் எழுப்பவே நெடுநாள் ஆகும். பியானோவிலோ கட்டையை அழுத்தினால் போதும். உள்ளிருக்கும் சுத்தியல் தந்தியைத் தட்ட, சுத்தமான சுரம் எழுந்துவிடும். மூன்று வயதுக் குழந்தை அழுத்தினாலும் அது பிசகாது. இடர்ப்பாடு பின்னர்தான் வருகிறது. இரண்டு கைகளும் வெவ்வேறு வேலையைச் செய்யவேண்டும். கண்கள் இருகைகளுக்கும் உரிய சுரக்குறிப்புகளை ஒருங்கே படிக்கவேண்டும். மோதிர விரல் அண்டை விரல்களின் துணையின்றித் தனித்து எழ உடலமைப்பு எளிதில் இடந்தருவதில்லை. தட்டியவுடன் கிடைத்த இன்பம் இப்போது தட்டிக்கொண்டே இருந்தாலும் கிடைப்பதில்லை. குழந்தையின் பொறுமை தீர்வது இந்த இடத்தில்தான்.

இத்தடையைத் தாண்டுவதற்கு 19ஆம் நூற்றாண்டு பெரிதும் நம்பியது விரற்பயிற்சியை. மாணவரின் கைகளை அசையாது நிறுத்திவைக்கும் சட்டகம் ஒன்றுக்கு லோஜியர் என்பவர் 1814இல் காப்புரிமை பெற்றார். கிளெமென்டி, செர்னி முதலியோர் பயிற்சிகளைத் தொகுதி தொகுதியாக எழுதிக் குவித்தனர். இவற்றை இகழ்தல் முறையன்று. செர்னி, பெத்தோவனின் மாணவர்; லிஸ்ட்டின் ஆசிரியர். விரல் பழகாமல் இசை வாராது. ஆனால் இசை வருவதற்கு முன்பே குழந்தை எழுந்து போய்விட்டால், பழகிய விரலால் யாருக்கு என்ன பயன்?

இக்கேள்விக்கு, அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னரே விடை கண்டவர் யோகான் செபாஸ்டியன் பாக். பியானோ அப்போது பரவியிருக்கவில்லை. ஃப்ளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி 1700ஆம் ஆண்டளவில்தான் அதனை உருவாக்கியிருந்தார். பாக்கின் வீட்டில் ஒலித்தவை அதன் முன்னோர்களான கிளாவிகார்டும் ஹார்ப்சிகார்டும் ஆகும். ஜெர்மனியின் கோத்தன் நகரில் 1720 ஜனவரி 22ஆம் நாள், ஒன்பது வயது மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனுக்காக அவர் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். முதலில் சுரங்களின் பெயர்கள், அடுத்துக் கமகக் குறிகளின் அட்டவணை, அதன்பின் விரல் எண்கள் இட்ட ஒரு சிறு உருப்படி என்று அது வளர்கிறது. சில பக்கங்கள் மகனின் கையெழுத்திலேயே உள்ளன.

பாக்கின் வாழ்க்கை வரலாற்றை 1802இல் வெளியிட்ட ஃபோர்க்கல், பாக்கின் மக்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். அவர் தரும் செய்தி இங்கே பெரிதும் எண்ணத்தக்கது. பாக் தம் மாணவர்களுக்குத் தொடக்கத்தில் பல மாதங்கள் விரற்பயிற்சி மட்டுமே தருவாராம். ஆனால் மாணவரின் பொறுமை குறையக் கண்டால், அப்பயிற்சிகளையே உள்ளடக்கிய சிறு உருப்படிகளைப் பாடவேளையிலேயே எழுதிக் கொடுத்துவிடுவாராம். இருகுரல் இன்வென்ஷன்கள் பதினைந்தும் அவ்வாறு பிறந்தவற்றுள் அடங்கும் என்கிறார் ஃபோர்க்கல். பாக் 1723இல் அவற்றை முகப்புரையோடு படியெடுத்தார். பாடுவது போல வாசிக்கவும், தாமே இசை இயற்றும் சுவையை முன்கூட்டி உணரவும் அவை உதவவேண்டும் என்பதே அம்முகப்புரையின் கருத்து. இன்று பெரும் கலைஞர்களும் அரங்கில் வாசிக்கும் அவ்வுருப்படிகளுள் சில, சலித்துப்போன மாணவனுக்காகப் பிறந்தவை என்பது வியப்பன்றோ! பாக் பயிற்சியைக் கைவிடவில்லை. அதற்கு உயிர் கொடுத்தார்.

சால்ஸ்பர்கில் லியோபோல்டு மோட்சார்ட், மகள் நானெர்லுக்காக 1759இல் ஒரு குறிப்பேடு தொகுத்தார். அக்காள் பயில்வதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி வுல்ஃப்காங் தானும் கட்டைகளைத் தேடத் தொடங்கினான். அவன் ஒரு சிறு உருப்படியை 1761 ஜனவரி 26ஆம் நாள், ஐந்து வயது நிறைவதற்கு முந்திய இரவு ஒன்பதரை மணிக்கு, அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டதாகத் தந்தை அவ்வேட்டிலேயே குறித்துவைத்தார். கற்பிக்கப்படுவதற்கு முன்பே இசை அவ்வீட்டில் கேட்கப்பட்டது என்பதே இதில் உள்ள செய்தி. இதற்கு மாறான காட்சியும் உண்டு. ஏழு வயதுப் பெத்தோவனை 1778இல் கொலோன் நகர மேடையேற்றிய தந்தை, அவனுக்கு வயது ஆறு என்று விளம்பரம் செய்தார். அங்கே குழந்தை வியப்புப் பொருளாக்கப்பட்டது.

நல்ல முறை மட்டும் போதுமா என்னும் ஐயத்தை எழுப்புவது கிளாராவின் வரலாறு. லைப்சிக் நகரில் 1819இல் பிறந்த அவருக்குத் தந்தை ஃபிரீட்ரிக் வீக்தான் ஆசிரியர். தொடக்கத்தில் அவர் சுரக்குறிப்புகளைக் கற்பிக்கவில்லை. சிறு உருப்படிகளைச் செவிவழியாகவே பழக்கினார். செவிக்கு முதலிடம் தந்த அம்முறை சிறந்தது. மகளும் ஒன்பது வயதில் மேடை ஏறினார். ஆனால் மகளின் நாட்குறிப்பையே, அவள் எழுதுவதுபோல ‘நான்’ என்று தந்தை எழுதிவந்தார். பின்னாளில் ராபர்ட் ஷூமனை மணக்க அந்த மகள் தந்தையை எதிர்த்து நீதிமன்றம் ஏற நேர்ந்தது. விரல்களை வளர்த்தவர் அவளுக்கென்று ஒரு குரல் இருப்பதை ஏற்கவில்லை.

அந்தக் கிளாராவும் ஷூமனும் தம் பிள்ளைகளுக்கு என்ன செய்தனர்? ஷூமன் இளமையில் வலக்கை விரல் செயல் குன்றியதால் பியானோக் கலைஞராகும் கனவை இழந்தவர். குழந்தைகளுக்கு அக்காலத்தில் தரப்பட்ட உருப்படிகள் தரமற்றவை என்பது அவ்வில்லத்தின் கருத்து. மூத்த மகள் மரீயின் ஏழாவது பிறந்தநாளுக்காக 1848இல் அவர் சில சிறு உருப்படிகளை எழுதினார். அவை பெருகி 43 உருப்படிகள் கொண்ட ‘இளையோர் தொகுப்பு’ ஆயின. படைவீரரின் நடை, முரட்டுக் குதிரைக்காரன், வேலை முடிந்து திரும்பும் உழவனின் மகிழ்ச்சி என்று குழந்தை காணும் உலகம் அதில் உண்டு. ‘முதல் இழப்பு’ என்னும் துயர உருப்படியும் உண்டு. குழந்தைக்கும் துயரம் உண்டென்று மதித்த இசை அது.

டெபுசி 1908இல் தம் சிறுமகளுக்குக் காணிக்கையாக்கிய தொகுப்பின் முதல் உருப்படி, கிளெமென்டியின் பயிற்சிகளை நகையாடுகிறது. பயிற்சிபோலத் தொடங்கி, இடையில் கனவில் தயங்கி, விடுதலை கிடைத்தாற்போல் விரைந்து முடிகிறது அது. ஹங்கேரியின் பார்டோக் நாட்டுப்புற மெட்டுகளைக் குழந்தைகளின் கைக்கு ஏற்ப அமைத்தார். பின்னர் 1926 முதல் 1939 வரை 153 உருப்படிகளை ஆறு தொகுதிகளாக எழுதினார். முதல் இரண்டு தொகுதிகள் மகன் பேட்டருக்கு உரியவை. அம்மகனுக்கு அவர் முதலில் தந்த பாடம் வாய்ப்பாட்டே. விரல் பின்னர்தான் வந்தது. தொடக்க உருப்படிகளில் இரு கைகளும் ஒரே மெட்டை வாசிக்கின்றன. ஐந்து விரல்கள் இடம் பெயரவும் வேண்டுவதில்லை.

இது தமிழகத்து இசைப் பாடமுறைக்கும் புதிதன்று. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றைக் கடந்து வரும் குழந்தைக்குக் கீதம் காத்திருக்கிறது. சொல்லும் மெட்டும் தாளமும் கூடி, பயின்றது பாட்டாகும் இடம் அது. அதுவரை நடக்க இயலாமல் வழியில் அமர்ந்துவிடும் குழந்தையிடம் அந்தப் பாட்டைச் சற்று முன்னதாகக் கொண்டுசெல்வதே ஆசிரியரின் அருள்.

இவ்வரலாறுகள் கூறுவது இதுவே: குழந்தையின் சலிப்பு குற்றமன்று, அது ஆசிரியருக்குக் கிடைக்கும் செய்தி. அச்செய்தியைப் படித்தவர்கள் அளவில் சிறியதாயினும் தரத்தில் குறையாத இசையைக் கொடுத்தனர். படிக்காதவர்கள் குரலை உயர்த்தினர். குழந்தைகள் எல்லாரும் கலைஞராகப் போவதில்லை. ஆயினும் தானே வாசித்த ஒரு பாட்டின் நிறைவை ஒருமுறை அறிந்த குழந்தை, இசையைத் தனக்கு அயலானது என்று பின்னர் எண்ணாது.

ஃபிரீடமனின் குறிப்பேடு இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அதில் தந்தையின் எழுத்தும் மகனின் எழுத்தும் அருகருகே இருக்கின்றன. கற்பித்தல் என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.