பழைய வீட்டை வாங்கும் முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டலாமே!



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்றார்கள் பெரியவர்கள். இன்று நம்மவர்களில் பலர் வீட்டைக் கட்டுவதில்லை. இன்னொருவர் முப்பது ஆண்டுகள் குடியிருந்த வீட்டை வாங்குகிறார்கள். கட்டும்போது வரும் தொல்லை கண்ணுக்குத் தெரியும். பழைய வீட்டின் தொல்லையோ சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒருவருக்குப் பணம் கொடுக்கலாமா, வேண்டாமா? இதுதான் இன்றைய கேள்வி.

உதாரணத்திற்கு, ஜொகூர் யோங் பெங்கில் ஒரு குடும்பம். கணவர் லோரி ஓட்டுநர். மனைவி தொழிற்சாலை ஊழியர். இருவருமே தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். பிள்ளைகளாவது சொந்த வீட்டில் வளரட்டும் என்று பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். ஒரு தாமானில் பழைய ஒற்றை மாடி வீடு விலைக்கு வருகிறது. விலை 2 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சாயம் பளபளக்கிறது. பின்னால் சமையலறையை இழுத்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

"என்னங்க, விவரம் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டுவோமா?" என்கிறார் மனைவி.

"பேங்க்காரன்தான் ஆள் அனுப்பிப் பார்க்கப் போறானே! அதுக்கு மேல நமக்கு எதுக்கு இன்னொரு செலவு?" என்கிறார் கணவர்.

பல குடும்பங்கள் இங்கேதான் ஏமாந்து போகின்றன. வங்கிக்காக வருபவர் சொத்து மதிப்பீட்டாளர். கடன் வாங்கியவர் கட்டத் தவறினால், இந்த வீட்டை விற்று எவ்வளவு மீட்கலாம் என்பதே அவருடைய கணக்கு. அவர் ஏணி போட்டுக் கூரைக்குள் ஏறிக் கறையான் தேடுவது வழக்கமில்லை. வங்கி கடன் கொடுக்கிறது என்பதற்காக வீடு நல்ல வீடு என்று பொருளில்லை.

சட்டம் காப்பாற்றுமா? மேம்பாட்டாளரிடம் புதிய வீடு வாங்கினால், சாவி கிடைத்ததிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைகளை அவரே சரிசெய்து தர வேண்டும். தகராறு என்றால் 2002-இல் தொடங்கிய வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஆனால், தனி ஆளிடமிருந்து வாங்கும் பழைய வீட்டிற்கு இந்த வசதிகள் இல்லை. அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் 'உள்ளது உள்ளபடி' வாங்குவதாகவே எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு ஒழுகும் கூரையும் வாங்கியவருக்கே சொந்தம்.

1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டதை நாடு மறக்கவில்லை. இன்று சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். தாமானில் உள்ள வரிசை வீட்டிற்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பவரே அதன் நிலைமையை விவரிக்கும் அறிக்கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இங்கே வாங்குபவர்தான் விழித்துக்கொள்ள வேண்டும்.

சரி, யாரை அழைப்பது? 'சர்வேயர்' என்றதும் நிலத்தில் கோல் நட்டு அளப்பவர்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். கட்டட சர்வேயர் வேறு. கட்டடத்தின் உடல்நலத்தைப் பார்ப்பவர் அவர். நில அளவையாளர், மதிப்பீட்டாளர் ஆகியோரைப் போலவே இவர்களும் மலேசிய அரச சர்வேயர் கழகத்தில் ஒரு பிரிவினர். தூண், உத்திரம், அடித்தளம் பற்றிச் சந்தேகம் எழுந்தால், பொறியியலாளர் வாரியத்தில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியியலாளரை அழைக்க வேண்டும். வீட்டை விற்றுத் தரும் தரகர் கையோடு அழைத்து வரும் ஆள் மட்டும் வேண்டாம். விற்பனை நடந்தால்தான் தரகருக்கு வருமானம்.

யோங் பெங் போன்ற ஊரில் அவர் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தண்ணீர். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை வெள்ளம் உலுக்கியது. 2023 மார்ச்சில் மறுபடியும் பல்லாயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். யோங் பெங் உட்பட பத்து பஹாட் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வெள்ளம் ஏறிய வீட்டிற்குப் புதுச் சாயம் அடிப்பது சுலபம். சுவருக்குள் இறங்கிய ஈரத்தை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை. அதைக் காட்டும் கருவி சர்வேயரிடம் உண்டு. அதோடு பக்கத்து வீட்டு அம்மாவிடம், "2023-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது.

அடுத்து மண். பத்து பஹாட் மாவட்டத்தில் மென்மையான களிமண்ணும் கரிமண்ணும் உள்ள இடங்கள் அதிகம். பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் மென்மண் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. இத்தகைய மண்ணில் பழைய வீடு ஒரு விதமாகவும், பின்னால் ஒட்டிக் கட்டிய சமையலறை வேறு விதமாகவும் அமிழும். இரண்டும் சேரும் இடத்தில் பிளவு விழும். பூச்சில் மயிரிழை போல் தெரியும் கோடுகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் பிளவு, செங்கல் வரிசையில் படிக்கட்டுப் போல் இறங்கும் பிளவு, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற பிளவு ஆகியவற்றைப் பொறியியலாளரிடம் காட்டியே தீர வேண்டும்.

மூன்றாவது, கூரையும் கறையானும். பழைய வீடுகளில் ஓட்டைத் தாங்குவது மரச்சட்டம். வெளியே சாயம் பூசிய மரத்தின் உள்ளே கறையான் அரித்து வெறும் கூடாக்கியிருக்கலாம். பழைய சீலிங் அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். விவரம் தெரியாமல் உடைத்தால் அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

நான்காவது, மின்சாரம். பழைய வயரிங்கில் புதிதாக ஏர்கோன், வாட்டர் ஹீட்டர் மாட்டினால் ஆபத்து. தகுதி பெற்ற வயர்மேன் ஒருவர் மின்கசிவுத் தடுப்பானைச் சோதித்துச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, அனுமதி. இழுத்துக் கட்டிய சமையலறைக்கு யோங் பெங் மாவட்ட மன்றத்தின் ஒப்புதல் உண்டா? இல்லையென்றால் பிற்பாடு வரும் நோட்டீஸ் புதிய உரிமையாளரின் வாசலுக்கே வரும்.

எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை அவசியமா? இல்லை. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறவருக்கு மண்ணும் நிலப்பட்டாவும்தான் முக்கியம். பழைய சுவரைப் பரிசோதிப்பது வீண் செலவு. கையில் தாராளமாகப் பணம் இருந்து, முழு வீட்டையும் புதுப்பிக்க முடிவு செய்தவருக்கும் அவசரம் குறைவு. ஆனால், முன்பணம் கட்டிய பிறகு கையில் எதுவும் மிஞ்சாத குடும்பத்திற்குத்தான் இது மிகவும் தேவை. அந்த லோரி ஓட்டுநரின் குடும்பத்திற்கு 10 விழுக்காடு முன்பணமே 25 ஆயிரம் ரிங்கிட். அதற்குச் சேமநிதியின் செஜாத்ரா கணக்கையும் தொட வேண்டியிருக்கும். அதன்பின் கூரை மாற்ற 20 ஆயிரம் என்றால் எங்கே போவார்கள்? செலவு செய்ய முடியாதவர்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு. சர்வேயர் சுவரை உடைத்தோ தரையைத் தோண்டியோ பார்ப்பதில்லை. ஆகவே எதை எதைப் பார்ப்பார், கட்டணம் எவ்வளவு, எழுத்து மூலம் அறிக்கை தருவாரா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நேரமும் முக்கியம். பொதுவாக 2 அல்லது 3 விழுக்காடு கொடுத்து வீட்டைப் பிடித்து வைக்கிறார்கள். அந்தக் கடிதத்திலேயே, 'பரிசோதனையில் பெரிய குறை தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்' என்று வழக்கறிஞர் மூலம் ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும். விற்பவர் மறுத்தால், பணம் கொடுக்கும் முன்பே பரிசோதித்துவிட வேண்டும். 'வீட்டைப் பார்க்கவே ஆள் விட மாட்டேன்' என்று அவர் சொன்னால், அதுவும் ஓர் அறிக்கைதான்.

அறிக்கை மோசமாக வந்தால் வீட்டைக் கைவிட வேண்டும் என்பதில்லை. பழுதுபார்க்க 15 ஆயிரம் ஆகும் என்று தெரிந்தால், விலையில் அதைக் குறைத்துக் கேட்கலாம். எதை முதலில் சரிசெய்வது என்று திட்டமிடலாம். விலகிப் போவதென்றால் கட்டணத்தோடு நஷ்டம் முடிந்துவிடும்.

கல்யாணத்திற்கு மாப்பிள்ளை பார்க்கும்போது ஊரெல்லாம் விசாரிக்கிறோம். முப்பது ஆண்டுகள் கடன் கட்டப் போகும் வீட்டைப் பதினைந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். அந்த மனைவி கேட்டது நியாயமான கேள்வி. கணவர்மார்களே, கொஞ்சம் காது கொடுங்கள்!